போர்டு படிக்கும் அக்கா

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் ஓரகத்தியோடு ஏறுவதென்றால் எனக்குப் பாதி உயிர் போய்விடும். கூட்டத்துக்கும் குலுக்கலுக்கும் பயந்து இல்லை. பஸ்ஸில் எழுதி வைத்திருக்கும் அத்தனையையும் அவர் வாய்விட்டுப் படிப்பார். உட்கார இடம் கிடைத்ததோ இல்லையோ, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"கரம்... சிரம்... புறம்... நீட்டாதீர்."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் யாரோ எவரோ என்பதுபோல ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வேன். ஒருமுறை டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரையே பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, சிரம்னா என்னாங்க?"

"தலைம்மா."

"அப்ப தலைன்னே எழுதியிருக்கலாமுல்ல? அர்த்தம் வெளங்குறதுக்குள்ள தலை வெளியில போயிடுமே."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டுப் பின்னால் போனார். என் மகள் செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் மடியில் உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். என் கணவரின் அண்ணன் மனைவி. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் எங்காவது பார்த்து, நாலு பேர் நடுவில் சத்தம் போட்டுப் படித்துவைப்பார். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இரண்டு மருமகள்களும் செந்துறையில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் காலம் தள்ளினோம். மாமனாருக்கு வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது, கடலை போடுவோம். ஒரு பட்டி ஆடும் இருந்தது. என் கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வந்தால் வருவார், இல்லையென்றால் இல்லை.

அக்காவைச் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு நிறுத்திக் களை எடுக்க அனுப்பிவிட்டார்கள். படித்ததெல்லாம் மறந்துபோய், கைநாட்டாகத்தான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாராம். பிறகு அவருடைய மூத்த பையன் ஒன்றாம் வகுப்பு போனபோது, அவன் விரலை வைத்துக் கத்திக் கத்திப் படிக்க, பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த இவருக்கும் எழுத்து திரும்பி வந்துவிட்டது. பையன் இரண்டு வகுப்பு தாண்டியதும் மனசுக்குள் படிக்கப் பழகிக்கொண்டான். இவர் பழகவில்லை.

"கண்ணு மட்டும் படிச்சா காது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார்.

நான் எட்டாவது வரை படித்தவள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நான் எதையும் படித்ததாக நினைவில்லை. படித்தவள் என்ற பெயரை வைத்துக்கொண்டே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் படிப்பில் ஒரு கோளாறு உண்டு. போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதோடு நிறுத்த மாட்டார். கீழே மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில், வரைந்தவர் தன் பெயரைப் போட்டிருப்பாரே, அதையும் சேர்த்துத்தான் முடிப்பார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் முக்கால்வாசி போர்டுகளை ஒரே ஆள்தான் எழுதிக்கொண்டிருந்தார். அதனால் அக்கா படிப்பது இப்படி இருக்கும்:

"இங்கு எச்சில் துப்பாதீர்கள், பூபதி ஆர்ட்ஸ், அரியலூர்."

"நோட்டீஸ் ஒட்டாதீர்கள், பூபதி ஆர்ட்ஸ், அரியலூர்."

"சிறு குடும்பமே சீரான குடும்பம், பூபதி ஆர்ட்ஸ், அரியலூர்."

இது வெறும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது என்னைக் கேட்டார்.

"ஏ தங்கச்சி, இந்த பூபதி ஆர்ட்ஸுங்கறவரு ரொம்பப் பெரிய ஆபீசரோ? ஆஸ்பத்திரியில துப்பாதேங்கறாரு, ரேசன் கடையில வரிசையில நில்லுங்கறாரு, புள்ள பெத்துக்காதேங்கறாரு. எல்லா டிபார்ட்மெண்டும் அவரு கையிலதான் இருக்கும்போல."

கடுதாசியின் கடைசியில் எழுதியவர் பெயர் இருப்பதுபோல, போர்டின் கடைசியில் உத்தரவு போட்டவர் பெயர் இருக்கிறது என்று அத்தனை வருடமும் நம்பியிருக்கிறார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகாவது விட்டாரா என்றால் இல்லை. "கஷ்டப்பட்டு எழுதுன மனுசன், அவரு பேரை மட்டும் தாண்டிப் போனா நல்லாவா இருக்கு?" என்று முன்னைவிடச் சத்தமாகவே படித்தார்.

சிரிக்கிற விஷயங்களை முதலில் சொல்லிவிட்டேன். அப்போது எனக்குச் சிரிப்பு அடிக்கடி வராது. செல்விக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை.

எது வேண்டுமென்றாலும் கையைக் காட்டுவாள். கிடைக்காவிட்டால் அழுவாள். தூரத்தில் ஆட்டுமணி கேட்டால் ஓடுவாள், அதனால் காது கேட்கிறது என்று தெரியும். வாய்தான் திறக்கவில்லை. நாக்கில் வசம்பு தடவினோம், தேன் தடவினோம், கோயிலுக்கு வேண்டிக்கொண்டோம். பார்க்க வருகிறவர்கள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அரியலூர் டாக்டரிடம் காட்டியபோது அக்காவும் கூட வந்தார். டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, "குறை ஒண்ணும் தெரியலம்மா. புள்ளைகிட்ட நிறையப் பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

பேசிக்கொண்டே இருப்பதற்கு நான் எங்கே போவேன்? பேச்சில் நான் பிறவிக் கஞ்சம். சாப்பிடு, தூங்கு, அங்கே போகாதே, இதற்கு மேல் அந்தச் சின்ன உருவத்திடம் சொல்ல எனக்கு எதுவும் தோன்றாது. வீடு வந்ததும் அக்காவிடம் அதைச் சொல்லி அழுதேன்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றார் அவர். "நமக்குத் தெரிஞ்ச பேச்செல்லாம் அடுப்பு மூட்டுறதுக்குள்ள தீர்ந்துபோவும். எழுதி வச்சிருக்கிறது தீராது. நான் படிச்சுக் காட்டுறேன், வுடு."

அன்றிலிருந்து செல்வி அவர் இடுப்புக்குப் போய்விட்டாள். இதுவரை தெருவுக்குப் படித்தவர், இனி அவளுக்குப் படித்தார். மாவு மில் போர்டு, உர மூட்டை, மருந்து பாட்டில், சுவரில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர், எதையும் விடவில்லை. வீட்டில் புத்தகம் என்று பார்த்தால் பையன்களின் பாடப் புத்தகம்தான். அதைத் தொட்டால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பொட்டலக் காகிதம்தான் அக்காவின் புத்தகம். கடையிலிருந்து சீரகமோ மிளகோ வந்தால், சாமானை டப்பாவில் கொட்டிவிட்டு, காகிதத்தைத் தொடையில் வைத்து நீவி நீவிச் சுருக்கம் எடுப்பார். அடுப்பில் குழம்பு தீயும். அவர் படித்துக்கொண்டிருப்பார்.

பொட்டலக் காகிதத்தில் எந்தக் கதையும் முழுதாக இருக்காது. ராஜா குதிரையில் ஏறியிருப்பான், அதோடு கிழிந்திருக்கும். திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கியிருப்பான், அடுத்த வரியில் எண்ணெய்க் கறை. அங்கே வந்ததும் அக்கா நிறுத்துவார். செல்வியின் முகத்தைப் பார்ப்பார்.

"கிழிஞ்சு போச்சே பாப்பா. அப்புறம் என்ன ஆயிருக்கும்?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பேச்சுக்குக் கேட்டதாக இருக்காது. வாயை மூடி, கையில் இருக்கும் வேலையையும் நிறுத்திவிட்டு, பதில் வரப்போகிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பார். செல்வியும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் அதைப் பார்க்க முடியாது. பேச வராத பிள்ளையிடம் போய்க் கேள்வி கேட்டு, வராத பதிலுக்கு இப்படி உட்கார்ந்திருப்பானேன் என்று பற்றிக்கொண்டு வரும். அவரோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, யோசிச்சு வச்சிரு. நாளைக்குச் சொல்லு" என்று எழுந்து போவார். நாளைக்கு மறக்காமல் கேட்பார்.

அவருடைய பிள்ளைகளுக்கே அம்மாவோடு வெளியில் போகக் கூச்சம். பெரியவன் பத்தடி முன்னால் நடப்பான். இதெல்லாம் போகட்டும், விக்கிரமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் நடந்ததுதான் பெரிய கூத்து.

பந்தியில் உட்கார்ந்திருந்தோம். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து ஒரு சில்வர் சொம்பை வைத்தார்கள். எங்கள் பக்கம் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். அக்கா சொம்பைத் தூக்கினார், திருப்பினார்.

"ராமாயி, உடையார்பாளையம்."

எதிர்ப் பந்தியில் ஒரு அம்மாள் சோற்றில் வைத்த கையை எடுத்தார். அவர்தான் ராமாயி. முந்தைய ஒரு விசேஷத்தில் அவர் வீட்டுச் சொம்பு காணாமல் போயிருந்தது. அது கல்யாண வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்திருக்கிறது. அப்புறம் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பதைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. பாயசம் வருவதற்குள் பந்தி கலைந்துவிட்டது.

திரும்பி வரும்போது அக்காவின் கணவர் தெருவென்றும் பார்க்காமல் கத்தினார். "கண்ணால படிக்கத் தெரியாதா உனக்கு? ஊருல உள்ளவன் எல்லாம் வாயாலயா படிக்கிறான்? மானம் போவுது. இனிமே எதையாவது வாயத் தொறந்து படிச்சே, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

அக்கா வழியில் இருந்த போர்டுகளைப் பார்க்காமல் இருக்க, தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

அதன் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. பொட்டலம் வந்தால் காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டார். எப்போதாவது ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டால், உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. முதல் இரண்டு நாள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அந்த அமைதி பிடிக்கவில்லை. செல்விக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள், அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைந்தாள்.

விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், செல்வி அடுப்படிக்குள் போய் ஒரு காகிதத்தைத் தேடி எடுத்து வந்தாள். அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா அதை நீவிவிட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது. செல்வி காத்திருந்தாள். அக்கா எப்படிக் காத்திருப்பாரோ அப்படியே, அசையாமல். சத்தம் வராது என்று தெரிந்ததும் இரண்டு கையாலும் அக்காவின் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், பெட்டியைத் திறப்பதுபோல.

அக்கா என்னைப் பார்த்தார். கண் நிரம்பியிருந்தது.

"படிங்கக்கா" என்றேன். "யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

"பெரம்பலூர்... சந்தையில்... சின்ன வெங்காயம்... வரத்து குறைவு" என்று ஆரம்பித்தார். வெங்காய விலையை அத்தனை ஆசையாக யாரும் படித்திருக்க மாட்டார்கள். செல்வி அவர் மடியில் சாய்ந்துகொண்டாள். அவள் உதடும் அசைவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லை. ஆனால் அசைந்தது. அன்று முதல் நானும் படித்தேன். கடலை உடைத்துக்கொண்டே நான் ஒரு காகிதம், அக்கா ஒரு காகிதம். எட்டாவது படித்த என் படிப்புக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது.

வெயில் காலம் முடிந்து பள்ளி திறக்கும் நேரம் வந்தது. செல்விக்கு ஐந்து முடிந்திருந்தது. மாமனார் கெட்டவர் இல்லை. ஆனால் முடிவு செய்துவிட்டால் செய்ததுதான். "இந்தத் தடவை பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டா சரி. சேத்துக்கலைன்னா ஆட்டோட போவட்டும். பேசாத புள்ளைக்கு ஆடு போதும், அது பேரு கேக்காது" என்று சொல்லிவிட்டார். என் கணவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆட்டின் பின்னால் போன பெண் பிள்ளை திரும்பப் பள்ளிக்குள் வந்ததை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. களை எடுக்கப் போன அக்காவுக்கும் அதுதானே நடந்தது.

பள்ளிக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் அறையில் மின்விசிறி இல்லை. விசிறிமட்டையால் வீசிக்கொண்டே செல்வியைப் பார்த்தார்.

"வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதத் தொடு, பாப்போம்."

பிறப்புச் சான்றிதழ் கேட்கிற காலமில்லை அது. காது எட்டினால் வயது சரி. செல்வி சொன்ன உடனே கையைத் தூக்கி, தலையைச் சாய்த்து, எக்கிக் காதைத் தொட்டுவிட்டாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"உன் பேரு என்ன?"

செல்வி அவரைப் பார்த்தாள்.

"பேரு சொல்லும்மா. அப்பா பேராவது சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன், தலைமையாசிரியர் கையைக் காட்டித் தடுத்தார். இன்னொரு முறையும் கேட்டுப் பார்த்தார். அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. பேச்சு வராத புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? மத்ததுங்க கேலி பண்ணியே கொன்னுடும். திருச்சியில இதுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்குதாம். விசாரிச்சுப் பாருங்க."

எங்களுக்குத் திருச்சி என்பது அமெரிக்கா. நான் எழுந்திருக்கவில்லை. அக்காவும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மனசு உடைந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். அக்காவின் கண் சுவருக்குப் போய்விட்டது. அங்கே, தலைமையாசிரியரின் தலைக்கு மேல், நீலத்தில் வெள்ளை எழுத்துப் போர்டு ஒன்று மாட்டியிருந்தது. பழக்கம் யாரை விட்டது?

"அமைதி... காக்கவும்" என்று அறை அதிரப் படித்தார்.

தலைமையாசிரியர் நிமிர்ந்து முறைத்தார். அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மிச்சத்தைப் படிக்கவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, திறக்காத கதவைத் திறந்ததுபோல.

"பூபதி ஆட்சு. அரியலூரு."

நான் முதலில் வாசலைத்தான் பார்த்தேன், யாரோ பிள்ளை வந்திருக்கிறது என்று. செல்வி கழுத்தை நிமிர்த்திச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பஸ்ஸில் எப்படி நிமிர்வாரோ அப்படி. பாதியில் நின்றதை முடித்துவைத்தாயிற்று என்ற திருப்தி அந்த முகத்தில் இருந்தது.

"என்ன சொல்லுச்சு இது?" என்றார் தலைமையாசிரியர். அவர் எழுந்து போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, போர்டின் மூலையில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தார். எத்தனை வருடமாக அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாரோ, அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறார்போல. திரும்பி வந்து உட்கார்ந்தவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இது படிச்சதில்ல, கேட்டு மனப்பாடம் ஆனது" என்றார். "இருந்தாலும் போதும். காதுல ஏறுனது வாய்க்கு வந்துருச்சு. இனிமே கண்ணுக்குக் கொண்டாந்துடலாம். அம்மா, புள்ள பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பெயரைச் சொன்னேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. அக்கா என்ன செய்தார் என்பது நினைவிருக்கிறது. அவர் இன்னும் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. கையை எடுத்தால் அழுகை வெளியே வந்துவிடும் என்று நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் போர்டுகள்தான். ரேஷன் கடை, சைக்கிள் கடை, ஆஸ்பத்திரிச் சுவர். அக்கா ஒன்றையும் படிக்கவில்லை. ஒவ்வொரு போர்டின் முன்னாலும் செல்வியை இறக்கி விட்டு, தானும் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார். அடுத்த போர்டில் மறுபடியும் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அவரோடு நானும் நின்றேன். காத்திருப்பது இத்தனை சுகமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மாவு மில் வாசலில் நின்றோம். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி போர்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அக்கா வாய் திறக்கவில்லை என்று கண்டாள்.

"மாவு... மில்லு" என்றாள்.

நான் குழந்தையைத் தூக்க ஓடினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு தங்கச்சி" என்றார். "கீழ இன்னும் ஒரு பேரு இருக்குது."